பாகான் நக்கோடா ஓமார்ல ஒரே ஒரு ‘க’

திங்கக்கெழம, காலையில ஆறு மணி பத்து நிமிஷம். ரவாங் ரயில் ஸ்டேஷன் வாசல்ல பையோட நின்னேன். எங்க பேக்டரி பஸ்ஸும் அதே எடத்துக்குத்தான் ஆறே காலுக்கு வரும். அதுக்கு முன்னாடி சுபா அக்கா காரு வந்துடணும்னு இருந்துச்சு. வந்துடுச்சு.

சுபா அக்கா எங்க பிளாட்டுல மூணாவது மாடி. யுனிவர்சிட்டியில பாஷைங்கள பத்தி ஆராய்ச்சி பண்றாங்க. இப்ப அவங்க எழுதிக்கிட்டு இருக்கறது பஞ்சார் பாஷ. நம்ம ஆளுங்க தமிழ்நாட்டுல இருந்து கப்பல்ல இந்த மலாய் நாட்டுக்கு வந்த மாதிரி, பஞ்சார்காரங்க கடலுக்கு அந்தப் பக்கம் கலிமந்தான்ல இருந்து வந்து சபாக் பெர்ணம் பக்கம் நெல்லு போட்டு ஒக்காந்துட்டாங்க. வெளிய பாத்தா மலாய்க்காரங்கதான். வீட்டுக்குள்ள பேசறது வேற. அவங்ககிட்ட போயி சொல்லு சொல்லா கேட்டு, ரெக்கார்ட் பண்ணி, எழுதி வைக்கணும். கூட வேல செஞ்ச பொண்ணு கல்யாணம் ஆகி ஜொகூர் போயிடுச்சு. அதான் என்னய கூப்பிட்டாங்க.

நான் பள்ளிக்கூடத்துல படிவம் மூணோட நின்னவ. அத மொதல்லயே சொல்லிட்டேன். "காது நல்லாருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. மூணு நாளு சோதன. தேறுனா ஆறு மாச வேல. தேறலன்னா வியாழக்கெழம மறுபடி பேக்டரி பஸ்ஸு. அந்த பஸ்ஸுல எனக்குப் பக்கத்து சீட்டு என் தம்பி தினேஷோடது. ஒரே லைன்லதான் வேல பாத்தோம். அவன் போயி அஞ்சு மாசம் ஆச்சு. அந்த சீட்டுல இப்ப நேப்பாளி ஒருத்தரு ஒக்காந்து வர்றாரு. நல்லவருதான், தெனம் தலைய ஆட்டி சிரிப்பாரு. எனக்குத்தான் முடியல.

ரவாங்ல இருந்து பத்து ஆராங், பத்தாங் பெர்ஜுந்தை வழியா போனோம். ரெண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கற செம்பன தோட்டம். அங்கங்க லயத்து வீடுங்க, கோயிலு, தமிழ்ப்பள்ளி போர்டு. பழக்கொல ஏத்துன லோரிக்குப் பின்னால இருவது நிமிஷம் மாட்டிக்கிட்டோம். அப்பதான் கேட்டேன்.

"இந்த வேலைக்கு மொத விதி என்னக்கா?"

"தெரிஞ்ச மாதிரி இருக்கற சொல்லத்தான் மொதல்ல சந்தேகப்படணும்."

"அப்ப தெரியாத சொல்லு?"

"அத நீயே கேட்டுடுவ லா."

ஏழு நாப்பதுக்கு கோலசிலாங்கூர். கார் மீட்டர்ல அம்பத்தொரு கிலோமீட்டர். பழைய டவுன்ல நம்ம ஆளு கடை ஒண்ணுல பசியாறினோம். ரெண்டு பேருக்கு தோசையும் தே தாரேக்கும் பதினோரு வெள்ளி. கடக்காரரு சட்னி ஊத்திக்கிட்டே, "என்னம்மா, மின்மினிப்பூச்சி பாக்க வந்தீங்களா? அது ராத்திரிக்குத்தான்"ன்னாரு.

"இல்லண்ணே. பாஷ எழுதப் போறோம்."

"எழுதி?"

"எழுதி வச்சுக்குவோம்."

"அதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?"

"இன்னும் எடுக்கல என்னய. சோதனதான்."

"அப்ப தோசைக்கு காச இப்பவே வச்சுடு தாயி."

பாலத்து மேல போறப்ப பாசிர் பெனம்பாங் படகுங்க தெரிஞ்சுது. அப்பறம் தஞ்சோங் காராங், செகிஞ்சான். செம்பன போயி வயலு வந்துடுச்சு. தட்டையா, கண்ணுக்கு எட்டற வரைக்கும் பச்ச. ஓரமா கால்வாயி. இன்னும் அம்பத்தஞ்சு கிலோமீட்டர் போயி சுங்கை புசார்ல ரூம்ல பைய போட்டோம், ஒரு நாளைக்கு எம்பது வெள்ளி. அங்க இருந்து பாகான் நக்கோடா ஓமார்ங்கற கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போனோம். எல்லாரும் பி.என்.ஓ.ன்னுதான் சொல்றாங்க. முழுப்பேரு போர்டுல மட்டுந்தான் இருக்கு.

மணி பத்து. பலக வீடு, கீழ சிமெண்டு, மேல தகரம். வாசல்ல ஒரு அம்மா, அறுவது வயசு கிட்ட இருக்கும், பத்தேக் கைலி கட்டிக்கிட்டு கோழிய வெரட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்கள அச்சில்னு கூப்பிடணும்னாங்க சுபா அக்கா. பஞ்சார்ல சித்தி, அத்த மாதிரி ஒரு மொற. எங்களுக்குள்ள பேச்சு மலாய்லதான்.

வேல எப்படின்னு சொல்றேன். சட்டையில சின்ன மைக்க மாட்டணும். பேர் போட்டு கையெழுத்து வாங்கணும், 'எந்தப் பகுதி வேணாம்னாலும் அழிச்சுடுவோம்'னு படிச்சுக் காட்டணும். அப்பறம் லிஸ்ட்டு. கண்ணு, மூக்கு, தண்ணி, மழ. ஒவ்வொரு சொல்லயும் மூணு தடவ சொல்ல வைக்கணும், ஏன்னா மொத தடவ வெக்கத்துல சொல்லுவாங்க, ரெண்டாவது நமக்காக மெதுவா சொல்லுவாங்க, மூணாவதுதான் அவங்க சொல்றது.

நான் செவுத்துல இருந்த போட்டோவ ஆள்காட்டி வெரலால காட்டி "இது யாரு?"ன்னேன். அச்சில் என் வெரல மடக்கி, கட்டவெரல வெளிய இழுத்து விட்டாங்க. பெரியவங்கள இப்படித்தான் காட்டணுமாம். "லாக்கி உலுன்"ன்னாங்க. என் வீட்டுக்காரரு. மூணு தடவ சொல்லச் சொன்னேன்.

"ஒரு புருஷன்தான் இருக்காரு, மூணு தடவ எதுக்கு?"ன்னாங்க.

எழுதறதுல எனக்கு ஒரு தொல்ல. ரோமன் எழுத்துல வேகமா வராது. தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் ஒழுங்கா படிச்சேன், அதுக்கு அப்பறந்தான் எல்லாம் கொழம்புச்சு. அதனால தமிழ் எழுத்துலயே எழுதிக்கறேன்னேன். "மொத குறிப்புதான, எழுது. அப்பறம் மாத்திக்கலாம்"ன்னாங்க சுபா அக்கா.

பதினொன்றரைக்கு அச்சில், "வாடாய் சாப்புடுங்க"ன்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். வடயா! பஞ்சார்காரங்க வீட்டுல நம்ம வட! நோட்டுல 'வாடாய் = வட, தமிழ்ச் சொல்லு'ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டேன். வந்தது தேங்காப்பாலும் முட்டையும் ஊத்தி சுட்ட இனிப்பு கேக்கு. பிங்காவாம். அவங்களுக்கு வாடாய்னா எல்லா பலகாரமும் வாடாய்தான்.

"நம்ம வடையில இருந்து வந்ததாக்கா?"

"இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். நீ கேட்டியா, முடிவு பண்ணியா?"

"முடிவு பண்ணேன்."

"அத அழிக்காத. ஒரே ஒரு கோடு போட்டு அடி. தப்பும் படிக்கற மாதிரி தெரியணும். பக்கத்துல சரியானத எழுது."

மத்தியானம் ரெக்கார்டர்ல பேட்டரி கம்மியா காட்டுச்சு. மாத்து பேட்டரி எடுக்க சுபா அக்கா காருக்குப் போனாங்க. நானும் அச்சிலும் மட்டும். ரெக்கார்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மீனு பேரு கேட்டுக்கிட்டு இருந்தேன். மீனு இவாக். கருவாடு இவாக் கரிங், அதாவது காஞ்ச மீனு. எழுதிக்கிட்டேன். அடுத்தது லிஸ்ட்டுல 'வீட்டுல இன்னைக்கு என்ன நடக்குதுன்னு சொல்லுங்க'ன்னு இருந்துச்சு. அச்சில் கைலிய இழுத்து விட்டுக்கிட்டு, "லாக்கி உலுன் கரிங்"ன்னாங்க.

வீட்டுக்காரரு கருவாடு.

நான் சிரிச்சுட்டேன். வாய்விட்டு. அவங்க ஜோக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன். எங்க பக்கமும் ஒல்லியா இருந்தா கருவாடுன்னுதான் சொல்லுவாங்க. அவங்க சிரிக்கல. நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

செவ்வாக்கெழம, காலையில ஒம்போது மணி. ரெண்டாவது நாளு வேல, எழுதுனத திரும்பப் படிச்சுக் காட்டி சரி பாக்கறது. சுபா அக்கா கூடவே ஒக்காந்துக்கிட்டாங்க. நான் நோட்டப் பாத்து படிச்சேன். கண்ணு சரி, மழ சரி, இவாக் கரிங் சரி. அப்பறம் சத்தமா, "லாக்கி உலுன் கரிங்"ன்னேன்.

உள் ரூம்ல இருந்து ஒரு ஆம்பள கொரலு. தமிழ்ல.

"தங்கச்சி! நான் என்னா கருவாடா லா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. கதவத் தொறந்துக்கிட்டு ஒருத்தரு மெதுவா வந்தாரு. போட்டோவுல இருந்தவருதான், ஆனா பாதியா இருந்தாரு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எஸ்டேட்டுல இருவத்திரெண்டு வருஷம் லோரி ஓட்டுனாராம். வேலைய மேப்பாக்கற மண்டோர், பழம் ஏத்தறவங்க எல்லாம் நம்ம ஆளுங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்ட தமிழு. அவர அமாங்னு கூப்பிடச் சொன்னாரு, மாமா மாதிரி.

"கெட்ட வார்த்த மொதல்ல கத்துக்கிட்டேன். நல்ல வார்த்த அப்பறம். ஒனக்கு எது வேணும்?"

"ரெண்டும் வேணாம் அமாங். நான் எத தப்பா சொன்னேன்?"

"நீ சொல்றது கரிங். காஞ்சது. என் பொண்டாட்டி சொன்னது கரிங்."

எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. அவரு கைய நீட்டி என் நோட்ட வாங்கிப் பாத்தாரு. தமிழு படிக்கத் தெரியாது, ஆனா ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி எழுத்து இருக்கறது தெரிஞ்சுது. "இதும் இதும் ஒண்ணு. அதான் தப்பு"ன்னாரு.

படிக்கறவங்களுக்கு வெளங்கணும்னா இப்படிச் சொல்றேன். கல்லுல வர்ற க ஒரு சத்தம். தங்கத்துல வர்ற க இன்னொரு சத்தம். நமக்கு எழுத்து ஒண்ணுதான், எங்க வருதோ அத வச்சு வாயி தானா மாத்திக்கும். பஞ்சார்ல அப்படி இல்ல. கல்லு க போட்டா காஞ்சது. தங்கம் க போட்டா நோவு. அச்சில் அன்னைக்கு சொன்னது, 'என் வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்ல.'

வாரத்துல மூணு நாளு, திங்க, புதன், வெள்ளி, கிட்னி கெட்டுப்போயி அவருக்கு தஞ்சோங் காராங்ல ரத்தம் கழுவறாங்க. நேத்து திங்கக்கெழம. அதான் அவரு வீட்டுல இல்ல.

நான் அச்சில்கிட்ட மலாய்ல மன்னிப்பு கேட்டேன். அவங்க, "பரவால்ல. நீ அந்தச் சொல்லக் கேட்டு சிரிச்சியா, இல்ல எம்மூஞ்சியப் பாத்து சிரிச்சியான்னுதான் தெரியாம இருந்துச்சு"ன்னாங்க. அமாங் மட்டும் விடல. மத்தியானம் சோறு போடறப்ப, "கருவாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து"ன்னாரு.

சுபா அக்கா சோத்துல கையே வைக்கல. என் நோட்ட வச்சுக்கிட்டு பக்கம் பக்கமா திருப்புனாங்க.

"க மட்டும் இல்ல. ட, த, ப எல்லாமே இப்படித்தான. ஊரு பேர அம்பாங்னு எழுதறோம். போர்டப் பாரு, மலாய்ல அது அம்ப்பாங். நான் யோசிச்சிருக்கணும். ஒன்னய தமிழ்ல எழுதச் சொன்னது என் தப்புதான்."

"நான் தேறலயா?"

"நேத்து எழுதுன எதயும் நம்ப முடியாது கலா. ரெக்கார்ட கேட்டு ஒவ்வொண்ணா சரி பண்ணணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சா பாப்போம். முடியலன்னா எனக்கு வேற வழி இல்ல. எழுத்து தெரிஞ்ச ஆளத்தான் வைக்கணும்."

கோவமா சொல்லல. அதான் பயமா இருந்துச்சு.

ஒரு வழியும் சொல்லிக் குடுத்தாங்க. தமிழ் எழுத்தையே வச்சுக்கோ, தங்கம் மாதிரி கேக்கறதுக்கு மட்டும் கீழ ஒரு புள்ளி வையி. அவ்ளோதான்.

சாயந்தரம் நாலு மணிக்கு சுங்கை புசார் ரூம்ல ஒக்காந்தேன். காதுல ஹெட்போன். கேக்கறது, நிறுத்தறது, திரும்பக் கேக்கறது. புள்ளி வைக்கறது. ஒரு மணி நேரத்துல காது பழகிடுச்சு. ரெண்டு சத்தமும் எவ்ளோ தூரம்னு ஆச்சரியமா இருந்துச்சு. இத எப்படி ஒண்ணுன்னு நெனச்சேன்!

அஞ்சரைக்கு அந்த எடம் வந்துச்சு. லாக்கி உலுன், அப்பறம் கரிங். தங்கம் க, தெளிவா. ஒடனே என் சிரிப்பு. அப்பறம் அமைதி. ரெக்கார்டர்ல நேரம் ஓடறது தெரியும், நாலு நொடி. கோழி சத்தம் மட்டும். அந்த நாலு நொடியும் அவங்க என்னயப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. நான் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

தினேஷ் விஷயத்த இங்க எழுதிடறேன். எழுதாம இதுக்கு மேல போக முடியாது. அவனுக்கு பத்தொம்போது வயசு. திங்கக்கெழமன்னா "க்கா, ஒடம்பு சரியில்ல"ம்பான். வேலைக்கு மட்டம் போடறதுக்கு. கிளினிக் போயி எம்.சி. லீவு சீட்டு வாங்கிட்டு மத்தியானம் பூட்பால் ஆடப் போவான். பத்து தடவயாச்சும் நடந்திருக்கு. கடைசி தடவயும் அதேதான் சொன்னான், அதே கொரல்ல. நான் "போடா, நடிக்காத"ன்னு சொல்லிட்டு பஸ்ஸு ஏறிட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். நாலு நாளு. டிங்கி காச்சலு. அந்த நாலு நாளுல மொத ரெண்டு நாளு நான் எங்க வலிக்குதுன்னுகூட கேக்கல. தெரிஞ்ச சொல்லுதானன்னு இருந்துட்டேன்.

எட்டு மணிக்கு நோட்ட மூடுனேன். பாதி முடிஞ்சுது. சுபா அக்கா மீ கோரேங் பொட்டலம் கட்டிக்கிட்டு வந்தாங்க, ஆறு வெள்ளியாம். தின்னுட்டு படுத்துட்டேன்.

புதன்கெழம. அஞ்சரைக்கே எந்திரிச்சு மீதியக் கேட்டேன். பத்து மணிக்கு முடிச்சேன், எழுவத்தி மூணு எடத்துல அடிச்சு எழுதியிருந்தேன். பதினோரு சொல்லு மட்டும் எத்தன தடவ கேட்டும் பிடிபடல. அத அச்சில்கிட்டதான் கேக்கணும்.

பத்தரைக்கு போனப்ப அமாங் வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில ஒக்காந்திருந்தாரு. ரத்தம் கழுவக் கூட்டிட்டுப் போற வேனு இன்னைக்கு லேட்டாம், அதுக்குக் காத்திருந்தாரு. சட்ட பட்டன மேல வரைக்கும் போட்டிருந்தாரு.

"தங்கச்சி, பசியாறியாச்சா?"

"ஆச்சு அமாங். நீங்க?"

"எனக்கு தண்ணியே அளவுதான் லா. ஒரு நாளைக்கு அர லிட்டர். கால்வாயிலதான் தண்ணி நெறய போவுது, எனக்கு இல்ல."

அமாங்கும் அச்சிலும் ரெண்டு பக்கமும் இருக்க, பதினோரு சொல்லையும் ஒவ்வொண்ணா சொல்லிக் காட்டுனேன். ஒம்போது சரி, ரெண்டு தப்பு. திருத்துனாங்க. மைக்கு அச்சில் சட்டையில இருந்துச்சு. சுபா அக்கா கொஞ்சம் தள்ளி ரெக்கார்டரப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

முடிஞ்சதும் அச்சில், "எல்லா நாளும் நீதான் கேக்கற. இன்னைக்கு நான் கேக்கறேன், நீ பஞ்சார்ல பதில் சொல்லு"ன்னாங்க. கூடப் பொறந்தவங்க எத்தன பேருன்னு கேட்டாங்க. கேள்வி புரிஞ்சுது. அடிங்னா தம்பி, தங்கச்சி. உலுன்னா நான், மரியாதையா பேசறப்ப. கடான்னா இல்ல. மூணு நாளுல கத்துக்கிட்டது அவ்ளோதான். ஒரு தம்பின்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம். அந்த பாஷயில எனக்குத் தெரிஞ்சது எதெல்லாமோ, அதெல்லாம் சேந்துதான் வாயில வந்துச்சு.

"அடிங் உலுன் கரிங்." தங்கம் க. "அம்பாட் ஹரி. உலுன் கடா பத்தாகுன்."

என் தம்பிக்கு நோவு. நாலு நாளு. நான் கேக்கல.

பஞ்சார்ல சொல்லுக்குள்ள காலம் கெடையாது. நோவா இருந்தான், இருக்கான், ரெண்டுக்கும் கரிங்தான். அதனால அச்சில், "வாஹினி?"ன்னு கேட்டாங்க. இப்ப?

"கடாடா"ன்னேன். இருக்கறது இல்லன்னா கடாடா.

அமாங் தலையில இருந்த தொப்பிய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அச்சில் என் கையப் புடிக்கல, தட்டிக் குடுக்கல. அப்பறம், "பத்தாகுன் இல்ல. அது சும்மா கேள்வி கேக்கறதுக்கு. ஒரு ஆளப் பாத்து, அவன்கிட்ட கேக்கறதுக்கு மனாகுனி. உலுன் கடா மனாகுனி. சொல்லு"ன்னாங்க.

"உலுன் கடா மனாகுனி."

"மூணு தடவ. நீதான என்னய மூணு தடவ சொல்ல வச்ச."

ரெண்டாவது தடவ பாதியில நிறுத்திட்டேன். அவங்க விடல. மூணாவது தடவ சரியா சொன்னேன்.

வேனு வந்து ஹாரன் அடிச்சுது. அமாங் எந்திரிச்சு, என் பக்கம் திரும்பி தமிழ்ல, "இப்ப நல்லா வருது ஒனக்கு. நான் போயிட்டு வர்றேன்"ன்னாரு. அச்சில் அவரு கூட வேன் வரைக்கும் நடந்து போனாங்க. வேன்ல ஏத்தறப்ப அவருகிட்ட என்னமோ கேட்டாங்க. தலைய ஆட்டி பதில் சொன்னாரு. மறுபடியும் வேற என்னமோ கேட்டாங்க.

நான் அன்னைக்கு சிரிச்ச எடத்த அழிச்சுடலாமான்னு, அச்சில் திரும்பி வந்ததும் கேட்டேன். அது அவங்க உரிம, காயிதத்துல எழுதியிருக்கு. "எதுக்கு? அதுல அவரப் பத்தி நான் பேசியிருக்கேன். இருக்கட்டும்"ன்னாங்க. போறப்ப ஒரு டப்பா பிங்கா குடுத்தாங்க.

ஒரு மணிக்குக் கெளம்பினோம். செகிஞ்சான் தாண்டற வரைக்கும் சுபா அக்கா ரோட்டயே பாத்து ஓட்டுனாங்க. தஞ்சோங் காராங்ல சிவப்பு வெளக்குல நின்னப்பதான் ஆரம்பிச்சாங்க.

"நீ சொன்ன வாக்கியத்த நம்ம எதுலயும் போட முடியாது. நீ அந்த பாஷ பேசறவ இல்ல."

"தெரியும்கா."

"ஆனா அவங்க திருத்துனாங்க பாரு, பத்தாகுன், மனாகுனி. அந்த வித்தியாசத்த நான் நாலு மாசமா தேடறேன். லிஸ்ட்டு வச்சு கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடுவாங்க. ஒருத்தரு தப்பா பேசுனாத்தான் திருத்துவாங்க."

வெளக்கு பச்ச ஆச்சு.

"திங்கக்கெழம ஆறு பத்துக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்கறியா?"

நிக்கறேன்னேன். பேக்டரிக்கு அங்கயே காருல இருந்து மெசேஜ் போட்டேன், வரமாட்டேன்னு. சூப்பர்வைசரு ஒரு கட்டவெரலு மட்டும் அனுப்புனாரு.

மூணு மணி அம்பது நிமிஷத்துக்கு ரவாங். அந்தப் பக்கம் வயலும் வானமுமா கண்ணு போற வரைக்கும் போச்சு. இங்க எங்க பிளாட்டு ஜன்னல்ல நின்னா எதிர் பிளாட்டு ஜன்னலுதான். அங்க மூணு நாளா ஒவ்வொரு சத்தத்துக்கும் காத நீட்டிக்கிட்டு இருந்தேன். இங்க படியேறறப்ப நாலு வீட்டு டிவி, கொழந்த அழுகை, மோட்டரு, எல்லாம் ஒண்ணா வந்து ஒண்ணுமே கேக்கல.

அம்மா சோபாவுல சாஞ்சு நாடகம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பிங்காவக் குடுத்தேன். வேல கெடச்சுடுச்சுன்னேன். "சரி, கைய கழுவிட்டு சாப்புடு"ன்னாங்க. அப்பறம் டிவியப் பாத்துக்கிட்டே, எப்பவும் சொல்றதுதான், "எனக்கு என்னமோ ஒடம்பே சரியில்ல ஏ புள்ள"ன்னாங்க.

தினேஷ் போனதுல இருந்து தெனம் சொல்றாங்க. நான் தெனம் "உம்"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிடுவேன்.

டிவி சத்தத்த கொறச்சேன். கீழ தரையில ஒக்காந்தேன்.

"எங்கம்மா?"

"என்ன எங்க?"

"எங்க சரியில்ல? எப்ப இருந்து? சாப்புட்டதுக்கு அப்பறமா, முன்னாடியா?"

"என்னடி, போலீஸ்காரன் மாதிரி கேக்கற?"

"சொல்லும்மா. எனக்குத் தெரியாது. நீ சொன்னாத்தான் தெரியும்."

அம்மா என்னயவே பாத்தாங்க. நாடகத்துல யாரோ அழுதாங்க, அந்தப் பக்கம் திரும்பல. கைய எடுத்து நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேல வச்சு, "இங்க"ன்னாங்க. "படுத்தாத்தான் தெரியுது. கல்லு வச்ச மாதிரி."

"எந்த நேரத்துலம்மா?"

"காலையில. அஞ்சே முக்காலுக்கு. அவன் எந்திரிக்கற நேரம்."